சாட்சியும் நோயாளியும்: கொல்கத்தாவில் வன்முறையிலிருந்து மீண்ட பெண்கள்

இந்தியாவில் ஒரு பொது மருத்துவமனைக்குள் மனநோய்க்கென்று தனிப் பிரிவு முதன்முதலில் திறக்கப்பட்டது 1933இல், கல்கத்தாவில். திறந்தவர் கிரீந்திரசேகர் போஸ். ஃப்ராய்டோடு பல ஆண்டுகள் கடிதத்தில் வாதிட்டவர். 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கியவர். அவருடைய பிரிவு இயங்கிய கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி 1948இல் பெயர் மாறி ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரி ஆயிற்று. 2024 ஆகஸ்ட் 9 அன்று அந்தக் கல்லூரியின் கருத்தரங்க அறையில்தான், நீண்ட பணிக்கு நடுவே ஓய்வெடுக்கப் போன 31 வயதுப் பயிற்சி மருத்துவர் ஒருவர் வன்புணர்வு செய்து கொல்லப்பட்டுக் கிடந்தார்.

மனத்தைப் பற்றிய அறிவு இந்த நாட்டில் வேர்பிடித்த இடங்களில் கொல்கத்தா முதன்மையானது. பெண்ணுக்கு நேரும் வன்முறையைக் கண்டு தெருவில் இறங்கும் வழக்கமும் அங்கே நெடுநாளாக உண்டு. ஆனால் இந்த இரண்டும் வெகுகாலம் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. அடிபட்ட பெண் காவல் நிலையத்துக்குப் போனால் அங்கே அவள் ஒரு சாட்சி. அவளிடம் கேட்கப்படுவது தேதி, நேரம், உடைகள், அடையாளம். அதே பெண் தூக்கமில்லாமல், சாப்பிடாமல், யாரைக் கண்டாலும் நடுங்கி மருத்துவமனைக்குப் போனால் அங்கே அவள் ஒரு நோயாளி. மாத்திரை கிடைக்கும், அவளுக்கு என்ன நடந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். சாட்சியையும் நோயாளியையும் ஒரே ஆளாகப் பார்க்கக் கற்றுக்கொண்டவர்கள் பெரும்பாலும் அரசு அலுவலர்களோ மருத்துவர்களோ அல்லர். அதே துன்பத்தைத் தாங்கி வந்த பெண்களும், அவர்களோடு உட்கார்ந்த சிறு அமைப்புகளும்தான். கடந்த முப்பது ஆண்டுகளில் கொல்கத்தாவில் அது எப்படி நடந்தது என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

தொடக்கத்தைச் சிறையிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. 1970களில் நக்சலைட் அரசியல் கைதியாகச் சிறையிலிருந்த மீனாக்ஷி சென் பின்னாளில் எழுதிய சிறை நினைவுகளில், பெண்கள் பகுதிக்குள்ளேயே மனநலம் குன்றியவர்கள் என்று சொல்லப்பட்டவர்களை அடைத்துவைத்திருந்த இடம் வருகிறது. அப்போதைய மேற்கு வங்கத்தில் இது நிர்வாக நடைமுறை. தெருவில் தன்னினைவின்றித் திரிந்தவர்கள், எந்தக் குற்றமும் செய்யாதவர்கள், வேறு இடமில்லை என்பதற்காகச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். வன்புணர்வுக்கு ஆளான பெண்களும் கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட சிறுமிகளும்கூட, வழக்கு முடியும்வரை 'பாதுகாப்புக் காவல்' என்ற பெயரில் சிறையில் வைக்கப்பட்டது உண்டு. தாக்கியவன் பிணையில் வெளியே இருப்பான். தாக்கப்பட்டவள் உள்ளே இருப்பாள். அங்கே சில ஆண்டுகள் கழிந்தபின் அவள் மனம் கலங்கிவிட்டால், அந்தக் கலக்கமே அவளை மேலும் அடைத்துவைக்கக் காரணமாகிவிடும்.

பத்திரிகையாளர் ஷீலா பர்சே இதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். உண்மை அறிய நீதிமன்றம் அனுப்பியவர்கள் இருவர்: மனநல மருத்துவர் ஆர். ஸ்ரீநிவாச மூர்த்தி, சட்ட அறிஞர் அமிதா தாண்டா. குற்றம் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் அடைப்பது சட்டவிரோதம், அரசமைப்புக்கு முரணானது என்று 1993 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. வெளியே வந்தவர்கள் போனது எங்கே? பலர் அரசு மனநல மருத்துவமனைகளுக்குப் போனார்கள். பூட்டின் பெயர் மாறியது. அந்த மருத்துவமனைகளின் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1995இல், அனுராதா கபூர் கொல்கத்தாவில் 'ஸ்வயம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். வீட்டுக்குள் அடிவாங்கும் பெண்களுக்கானது அது. மேற்கு வங்கப் பெண்கள் அமைப்புகளின் கூட்டமைப்பான 'மைத்ரீ'யும் அந்தக் காலத்தில் உருவானதுதான். வீட்டு வன்முறையைத் தனியாகக் கையாளும் சட்டம் அப்போது கிடையாது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. ஸ்வயத்தின் வாசலுக்கு வந்த பெண்ணுக்கு வழக்கறிஞர் வேண்டும், தங்க இடம் வேண்டும், பிள்ளைக்குப் பள்ளி வேண்டும், கைச்செலவுக்கு வருமானம் வேண்டும். இவையெல்லாவற்றுக்கும் முன்னால், தான் சொல்வதை ஒருவர் நம்ப வேண்டும். வழக்கு நடத்துவதோடும் கவுன்சலிங்கோடும் நில்லாமல், வந்த பெண்களே ஒருவருக்கொருவர் துணையாக நிற்கும் குழுக்களை ஸ்வயம் வளர்த்தது. நேற்று அழுதுகொண்டு வந்தவள் இன்று புதிதாக வந்தவளுடன் காவல் நிலையத்துக்குத் துணை போகிறாள்.

இதன் அருமை புரிய ஓர் எண் போதும். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்த பெண்களில் 77 விழுக்காட்டினர் எவரிடமும் உதவி கேட்கவில்லை, எவரிடமும் சொல்லவும் இல்லை. உதவி தேடியவர்கள் 14 விழுக்காட்டினர் மட்டுமே. நம் பக்கத்தையும் பார்த்துக்கொள்வோம்: அதே கணக்கெடுப்பில் கணவனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்ன திருமணமான பெண்கள் மேற்கு வங்கத்தில் 27 விழுக்காடு, தமிழ்நாட்டில் 38 விழுக்காடு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021 அறிக்கைப்படி தற்கொலையால் இறந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர், 23 ஆயிரத்துக்கும் மேல், இல்லத்தரசிகள். அதில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. இந்த இறப்புகளை மனநலக் கணக்கில் எழுதுவதா, வன்முறைக் கணக்கில் எழுதுவதா என்று துறைகள் பிரித்துக்கொண்டிருக்கும்வரை இவை குறையும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வெளியே சொல்வதன் விலை என்னவென்று கொல்கத்தா 2012இல் கண்கூடாகப் பார்த்தது. அந்த ஆண்டு பிப்ரவரி இரவொன்றில் பார்க் ஸ்ட்ரீட்டின் இரவு விடுதியிலிருந்து வீடு திரும்பிய ஒரு பெண்ணை, ஓடும் காரில் கும்பலாக வன்புணர்ந்து வெளியே தள்ளினார்கள். அவர் கணவனைப் பிரிந்து இரண்டு மகள்களை வளர்த்துவந்தவர். புகார் கொடுத்ததும் அரசின் உச்சியிலிருந்தே அது ஜோடிக்கப்பட்ட சம்பவம் என்று சொல் வந்தது. அவர் ஏன் அந்த நேரத்தில் அங்கே போனார், என்ன தொழில் செய்கிறார் என்று அமைச்சர்களும் தொலைக்காட்சிகளும் கேட்டன. குற்றம் நடந்தது உண்மை என்று நிறுவிய காவல் துறை அதிகாரி தமயந்தி சென் சில வாரங்களில் இடம் மாற்றப்பட்டார்.

ஓராண்டுக்கு மேல் செய்திகளில் அவர் 'பார்க் ஸ்ட்ரீட் பாதிக்கப்பட்டவர்'. 2013 ஜூனில், நகருக்கு வெளியே காம்துனி கிராமத்தில் ஒரு கல்லூரி மாணவி வன்புணர்ந்து கொல்லப்பட்டதை எதிர்த்த போராட்டத்தில், முகத்தை மறைக்காமல் வந்து தன் பெயரைச் சொன்னார்: சூசெட் ஜோர்டன். குற்றம் செய்யாத தான் எதற்கு ஒளிந்து வாழ வேண்டும் என்பதே அவர் கேட்டது. இந்தியச் சட்டம் வன்புணர்வுக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவதைத் தடுக்கிறது. அந்தத் தடை தேவையானது. ஆனால் அது அவர்களைக் காக்கப் போட்ட திரை. அதை விலக்கும் உரிமையும் அவர்களுக்கு மட்டுமே உண்டு. அந்த உரிமையை எடுத்துக்கொண்ட மிகச் சிலரில் சூசெட் ஒருவர்.

அதன்பின் அவர் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான உதவித் தொலைபேசியில் ஆலோசகராக வேலை பார்த்தார். தன் கதையை ஊர் ஊராகச் சொன்னார். 2014இல் ஓர் உணவகம் அவர் யாரென்று தெரிந்து உள்ளே விட மறுத்தது. வேலை கிடைப்பது கடினமாயிற்று. அச்சமும் உறக்கமின்மையும் மனச்சோர்வும் அவரை விட்டுப் போய்விடவில்லை. அவற்றையும் மறைக்காமல் பேசினார். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். துணிச்சலாக எழுந்து நின்றவர் குணமாகிவிட்டார் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். எழுந்து நிற்பதும் நோவதும் ஒரே நாளில், ஒரே உடலில் நடக்கின்றன என்பதை அவர் நகரத்துக்குக் காட்டினார். 2015 மார்ச் 13 அன்று மூளை அழற்சி நோயால் இறந்தார். அவர் வழக்கில் மூவர் குற்றவாளிகள் என்ற தீர்ப்பு அந்த ஆண்டு டிசம்பரில்தான் வந்தது. அதைக் கேட்க அவர் இல்லை.

மனக்காயத்தைப் பற்றிய அறிவும் இப்படி வாய்திறந்தவர்களிடமிருந்தே வந்தது. வன்புணர்வுக்குப் பின் வரும் நீண்ட மன உபாதைகளை ஆன் பர்ஜஸ், லிண்டா ஹோம்ஸ்ட்ராம் இருவரும் 1974இல் ஒரு தனி நிலையாக விவரித்தார்கள். பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்கு வந்த பெண்களிடம் அவர்கள் உட்கார்ந்து கேட்டதன் விளைவு அது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1980இல் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம் என்ற நோய் இடம்பெற்றதற்கு, வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் கூடிப் பேசிய குழுக்கள் காரணம். ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய நூலில் மீட்சிக்கு மூன்று கட்டங்கள் சொல்கிறார். முதலில் பாதுகாப்பு. பிறகு நடந்ததை நினைவுகூர்ந்து துக்கம் காப்பது. அதன்பின் மனிதர்களோடு மறுபடி இணைவது. நம் நாட்டின் நடைமுறை இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. பாதுகாப்பு கிடைக்கும் முன்பே, காவல் நிலையத்தில், மருத்துவப் பரிசோதனையில், நீதிபதி முன், குறுக்கு விசாரணையில் என்று நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறோம். நினைவு முன்பின்னாகக் குழம்புவது மனக்காயத்தின் இயல்பு. அந்தக் குழப்பமே நீதிமன்றத்தில் பொய்யின் அடையாளம் ஆகிவிடுகிறது.

பேச முடியாதவர்களை என்ன செய்வது? இந்தக் கேள்விக்குக் கொல்கத்தாவிலிருந்து வந்த விடை என்னை வியக்கவைப்பது. சோஹினி சக்ரவர்த்தி சமூகவியல் படித்தவர், நடனக் கலைஞர். 1990களின் நடுவில் கொல்கத்தா புத்தகக் கண்காட்சியில், கடத்தப்பட்ட சிறுமிகளைப் பற்றிய ஒரு சுவரொட்டியைப் பார்த்தார். அதை வைத்திருந்தது இந்திராணி சின்ஹா 1987இல் தொடங்கிய 'சன்லாப்' அமைப்பு. அங்கே போய்ச் சிறுமிகளுக்கு நடனம் சொல்லித்தர முன்வந்தார். தொடக்கத்தில் அது எளிதாக இல்லை. விற்கப்பட்ட, அடிக்கப்பட்ட உடலை அந்தப் பிள்ளைகள் தங்களுடையதாகவே நினைக்கவில்லை. அந்த உடலை அழகாகக் காட்டு என்று கேட்பது கொடுமையாகிவிடும். ஆகவே அடவுகளை விட்டு, மூச்சிலிருந்தும் நடையிலிருந்தும் தொடங்கும் முறையை அவர் ஆண்டுக்கணக்கில் உருவாக்கினார்.

நடன அசைவுச் சிகிச்சை செய்வது என்னவென்று கேட்டால், பார்ப்பவருக்குச் சிறிய காரியங்கள்தாம். காலை அழுத்தி ஊன்றி நின்று தன் கனத்தை உணர்வது. கையை நீட்டித் தன்னைச் சுற்றி எவ்வளவு இடம் தனக்கென்று அளப்பது. மற்றவர் அருகே வரும்போது எந்த இடத்தில் நிறுத்தச் சொல்லலாம் என்று முடிவுசெய்து, கையால் நிறுத்திப் பார்ப்பது. சம்மதம் கேட்கப்படாமலே தொடப்பட்டு வளர்ந்த ஒரு பெண், தன் கையசைவுக்கு எதிரில் வருபவர் நிற்பதைக் காணும்போது நடப்பதை வார்த்தையால் மட்டும் நடத்த முடியாது. 2004இல் சோஹினி 'கொல்கத்தா சன்வேத்' அமைப்பைத் தனியாகத் தொடங்கியபோது, சன்லாபின் இல்லத்தில் வளர்ந்த பெண்கள் சிலர் பயிற்றுநர்களாக உடன் நின்றார்கள். பிறகு டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தோடு சேர்ந்து இதில் பட்டயப் படிப்பும் வந்தது. பள்ளிப்படிப்பு இழந்தவர்கள் இத்துறையின் ஆசிரியர்கள் ஆனார்கள். எந்த அசைவு குணப்படுத்தியது என்று ஆராய்வோர் ஆராயட்டும். எதிரில் நின்று சொல்லித்தருபவள் தன்னைப் போன்றவள் என்பதில்தான் பாதிக் குணம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இனி அந்த அரசு மனநல மருத்துவமனைகள். கொல்கத்தாவின் கோப்ராவில் பாவ்லோவ். தில்ஜலாவில் லும்பினி பார்க். லும்பினி பார்க் 1940இல் கிரீந்திரசேகர் போஸின் முயற்சியில் உருவானது; இடம் கொடுத்தவர் அவருடைய அண்ணன், 'பரசுராம்' என்ற பெயரில் எழுதிய நகைச்சுவை எழுத்தாளர் ராஜசேகர் போஸ். அத்தனை அன்போடு தொடங்கிய இடங்கள் பிற்காலத்தில் நெரிசலும் மூட்டைப்பூச்சியும் நிறைந்த காப்பகங்களாயின. உடுக்கத் துணியின்றிப் பெண்கள் வைக்கப்பட்டிருந்த செய்திகள் பாவ்லோவிலிருந்து வந்திருக்கின்றன. மனித உரிமைக் கண்காணிப்பகம் 2014 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, கொல்கத்தா உட்பட இந்திய நகரங்களின் இத்தகைய நிறுவனங்களில் பெண்கள் அனுபவித்த கொடுமைகளைத் தொகுத்தது: சம்மதமில்லாத சேர்க்கை, அடி, பாலியல் வன்முறை, புகார் சொல்ல வழியின்மை. வெளியே வன்முறைக்கு ஆளாகி மனம் உடைந்து உள்ளே வந்தவளுக்கு, உள்ளேயும் அதுவே காத்திருந்தது.

ரத்னாபலி ராய் 2000இல் தொடங்கிய 'அஞ்சலி' இந்தச் சுவர்களுக்குள் நுழைந்து வேலை செய்தது. அவர் உளவியல் படித்தவர். தனக்கு நேர்ந்த மனநலச் சிக்கலைப் பொதுவெளியில் பேசியவர். தனி மருத்துவமனை கட்டாமல் அரசு மருத்துவமனைகளுக்குள்ளேயே போனது அவர் எடுத்த கடினமான முடிவு. பாவ்லோவிலும் லும்பினியிலும் பஹரம்பூரிலும், உள்ளே இருந்தவர்களை ஓவியம், நாடகம், உரையாடல் என்று ஒன்றுசேர்த்தார்கள். பாவ்லோவில் நோயாளிகளே கூலிக்கு வேலை செய்யும் சலவைக்கூடம் அமைந்தது. தேநீர்க் கடையும் வந்தது. கூலி என்பது முக்கியம். மருத்துவமனையில் பாத்திரம் தேய்த்தும் துணி துவைத்தும் காலம் கழித்த பெண்கள் இந்தியாவெங்கும் இருந்தார்கள். அதற்குச் சிகிச்சை என்று பெயர் சொல்லிச் சம்பளம் மறுத்தார்கள். தன் பெயரில் வங்கிக் கணக்கு, தன் உழைப்புக்குப் பணம் என்று வந்தபின் ஒருவரை வெறும் நோயாளி என்று அழைப்பது கடினம். இந்தப் பணிக்காக 2016இல் அதே கண்காணிப்பகத்தின் அலிசன் தெ ஃபோர்ஜ் விருது ரத்னாபலிக்குக் கிடைத்தது. 'ஜனமானஸ்' என்ற திட்டத்தில், நகராட்சிகளோடு சேர்ந்து, குடிசைப் பகுதிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வார்டு அளவில் மனநலப் பணியாளர்களாக்கினார்கள். பக்கத்து வீட்டுப் பெண் தூங்காமலிருப்பதையும் அவள் முழங்கையின் காயத்தையும் சேர்த்துப் பார்க்கும் கண் அவர்களுக்குத்தான் உண்டு.

குணமான பிறகும் வீட்டுக்குப் போக முடியாதவர்கள்தான் இந்த மருத்துவமனைகளின் பெருந்துயரம். முகவரியே இல்லாதவர்கள் உண்டு. முகவரி இருந்தும் கதவு திறக்காதவர்கள் அதைவிட அதிகம். கணவன் மறுமணம் செய்திருப்பான், அண்ணன் சொத்தைப் பிரித்திருப்பான். 2018 மே 29 முதல் நடைமுறையிலிருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், குடும்பம் ஏற்கவில்லை என்ற காரணத்துக்காக ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்று சொல்கிறது; சமூகத்தில் வாழும் உரிமையையும் தருகிறது. அந்த வழியில் மேற்கு வங்க அரசு அஞ்சலியோடு சேர்ந்து 2022இல் 'பிரத்யய்' என்ற இடைநிலை இல்லத்தைத் திறந்தது. அங்கிருந்து வேலைக்குப் போய், வாடகை வீட்டுக்கு நகர்ந்து, தனியாக வாழத் தொடங்கலாம். தமிழ்நாட்டு வாசகருக்கு அந்த அடைப்பும் இந்த மாற்று வழியும் புதிதல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகியதை நாம் மறந்திருக்க முடியாது. 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் சென்னையில் தொடங்கிய 'தி பான்யன்', தெருவில் திரிந்த பெண்களை மீட்டுப் பின்னர் சிறு சிறு வாடகை வீடுகளில் குடியமர்த்திக் காட்டியது. கொல்கத்தாவில் 2007இல் பிறந்த 'ஈஸ்வர் சங்கல்ப'வோ தெருவில் இருப்பவரைத் தெருவிலேயே கவனிக்கும் வழியை எடுத்தது. டீக்கடைக்காரர், ரொட்டிக் கடைக்காரர், காவலாளி என்று ஏற்கெனவே ஒரு வாய்ச் சோறு கொடுத்துக்கொண்டிருப்பவரைக் கண்டுபிடித்து, மாத்திரையையும் அவர் கையிலேயே ஒப்படைத்தார்கள். அந்த மனிதரை நம்பும் நோயாளி மருந்தையும் நம்புகிறார்.

2024 ஆகஸ்ட் 14 இரவு, சுதந்திர நாளுக்கு முந்தைய இரவு, கொல்கத்தாவிலும் வங்கத்தின் சிற்றூர்களிலும் பெண்கள் இலட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள்; 'இரவைக் கைப்பற்றுவோம்' என்பது அழைப்பு. கொல்லப்பட்ட மருத்துவருக்காக வந்தவர்கள் தங்களுக்கு நடந்தவற்றையும் பேசினார்கள். 2025 ஜனவரியில், அந்தக் கொலையின் குற்றவாளி என்று தீர்ப்பான சஞ்சய் ராய்க்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இடையில், 2024 செப்டம்பர் 3 அன்று, மேற்கு வங்கச் சட்டமன்றம் வன்புணர்வுக்குத் தூக்குத் தண்டனை வரை கடுமை கூட்டிய 'அபராஜிதா' மசோதாவை நிறைவேற்றியது. தண்டனையைப் பற்றி இவ்வளவு பேசிய அவை, மீண்டு வாழ வேண்டியவர்களுக்கான ஆற்றுப்படுத்தலுக்கும் இருப்பிடத்துக்கும் பிழைப்புக்கும் அதே வேகத்தைக் காட்டியிருக்கலாம். கோபத்துக்கு மசோதா விரைந்து கிடைக்கிறது. மீட்சிக்குப் பட்ஜெட்டில் ஒரு வரி கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன.

அந்த வரியைக் கேட்டு நிற்பவர்கள் இப்போது கொல்கத்தாவின் தெற்கிலும் வடக்கிலும் உள்ள கிராமங்களில் இருக்கிறார்கள். 2009 மே மாதம் ஐலா புயல் சுந்தரவனத்தின் வயல்களில் உப்புநீரை நிரப்பிய பிறகு, பிழைப்புத் தேடிப் புறப்பட்ட குடும்பங்களின் சிறுமிகளை வேலை, கல்யாணம் என்று சொல்லிக் கடத்தினார்கள். மீட்கப்பட்டுத் திரும்பிய பெண்கள் தெற்கு 24 பர்கானாவில் 'பந்தன் முக்தி', வடக்கு 24 பர்கானாவில் 'உத்தான்' என்று சங்கமாகச் சேர்ந்தார்கள். இழப்பீடு வாங்கச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் படியேறினார்கள். தங்களுக்கு நேர்ந்த மனப் பாதிப்பையும் இழப்பீட்டுக் கணக்கில் சேர்க்கக் கேட்டார்கள். 2019இல் பல மாநிலங்களின் இத்தகைய சங்கங்கள் இணைந்து, கடத்தலுக்கு எதிரான இந்தியத் தலைமை மன்றத்தை உருவாக்கின.

2018இல் மக்களவை நிறைவேற்றி, அந்த அவையின் காலம் முடிந்ததும் காலாவதியான ஆள்கடத்தல் மசோதாவும், 2021இல் வெளியான அடுத்த வரைவும் மறுவாழ்வு என்றால் பெரும்பாலும் காப்பகம் என்றே வைத்திருந்தன. இவர்கள் அதை ஏற்கவில்லை. காப்பகத்தின் பூட்டை இவர்கள் உள்ளிருந்து பார்த்தவர்கள். தங்கள் ஊரிலேயே, தங்கள் வீட்டிலிருந்தபடியே சிகிச்சையும் கவுன்சலிங்கும் வேலைவாய்ப்பும் வேண்டும், அதைச் சட்டத்தில் உரிமையாக எழுத வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்தித்துக் கேட்டுவருகிறார்கள். புதிய சட்டம் இன்னும் வரவில்லை.